ரிப்பன் மாளிகை பாடிய எட்டு வருஷம்

சென்னை கார்ப்பரேஷன்னு சொன்னதும் உங்களுக்கு என்னவெல்லாம் ஞாபகம் வரும்? குப்பை லாரி, கொசு மருந்துப் புகை, சொத்து வரி, பிறப்புச் சான்றிதழ், மழை வந்தா முழங்கால் தண்ணி. சரிதானே? 'பாட்டுக் கச்சேரி'ன்னு யாராவது சொல்லியிருந்தீங்கன்னா உங்களுக்கு ஒரு ஷொட்டு. :-)

ஆமாங்க. 1930-லேர்ந்து 1938 வரைக்கும் எட்டு வருஷம் நம்ம கார்ப்பரேஷன் சொந்தமா ஒரு ரேடியோ நிலையம் நடத்தியிருக்கு. இன்னிக்கும் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல வெள்ளை வெளேர்னு நிக்குதே ரிப்பன் மாளிகை, அங்கேருந்துதான் ஒலிபரப்பு. மெட்ராஸைப் பத்தி நம்ம பதிவர்கள் எவ்வளவோ எழுதிட்டாங்க. மூர் மார்க்கெட், டிராம் வண்டி, எம்டன் குண்டு எல்லாம் ஆச்சு. இந்த ரேடியோ மட்டும் எப்பவுமே ரெண்டு வரியில முடிஞ்சுபோயிடுது. கொஞ்சம் விரிவா எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை.

ரேடியோவை மட்டும் சொல்லிட்டுப் போனா அது வெறும் துணுக்குச் செய்தி. எனக்கு இதுல ஒரு பெரிய கேள்வி இருக்கு. ஒரு ஊரை நிர்வாகம் பண்றவங்க அந்த ஊர் ஜனங்களோட எப்படிப் பேசியிருக்காங்க? "நாளைக்குத் தண்ணி வராது", "திருவிழா வருது", "வரி கட்டுங்க" இதையெல்லாம் யார் சொன்னா, எப்படிச் சொன்னா, யார் காதுல விழுந்துச்சு? அதைவிட முக்கியம், ஜனங்க திருப்பிச் சொன்னது அவங்க காதுல விழுந்துச்சா? இந்தக் கேள்வியைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போனா ரேடியோ எங்கே வந்து உட்காருதுன்னு புரியும்.

(உத்திரமேரூர் குடவோலையிலேர்ந்து ஆரம்பிப்பேன்னு பார்த்தீங்களா? அதை எல்லாரும் எழுதியாச்சு. விட்டுடறேன்.)

நான் ஆரம்பிக்கிறது புகார்லேர்ந்து. மணிமேகலையோட முதல் காதைக்கே 'விழாவறை காதை'ன்னுதான் பேர். விழாவை அறிவிக்கிற காதை. பழங்குடியில பிறந்த ஒரு முரசறைவோன், வச்சிரக் கோட்டத்து முரசை யானை மேல ஏத்திவெச்சு, இந்திர விழா வரப்போகுதுன்னு ஊருக்குச் சொல்றான். 28 நாள் விழா. அவன் வெறுமனே தேதியைச் சொல்லிட்டுப் போகலை. முதல்ல ஊர் நல்லா இருக்கணும், மழை பெய்யணும், ராஜா தப்பு பண்ணாம இருக்கணும்னு வாழ்த்தறான். அப்புறம் வேலைகளைப் பட்டியல் போடறான். தெருவில புது மணல் பரப்புங்க, வாழையும் கரும்பும் நடுங்க, தோரணம் கட்டுங்க. சமயவாதம் பண்றவங்க பட்டிமண்டபத்துல போய் முறையா உட்கார்ந்து பேசுங்க. பகைவர் எதிர்ல வந்தாலும் சண்டை பிடிக்காம ஒதுங்கிப் போங்க.

இன்னிக்கு ஒரு மாநகராட்சி கமிஷனர் விழாக்காலத்துக்கு விடற சுற்றறிக்கையும் ஏறக்குறைய இதே மாதிரிதான் இருக்கும். துப்புரவு, அலங்காரம், சட்டம் ஒழுங்கு. மழைக்கு வாழ்த்து மட்டும் இருக்காது. (சென்னையில யாரும் மழை வேணும்னு சத்தமாச் சொல்ல மாட்டாங்க, நவம்பர்ல நிச்சயமா மாட்டாங்க.) அதே காப்பியத்துல பின்னாடி, மகனைக் காணோம்ங்கற துக்கத்துல ராஜா இந்த விழாவையே மறந்துபோக, புகாரைக் கடல் கொண்டுபோயிடுச்சுன்னு கதை வருது. அதை அப்படியே சரித்திரமா எடுத்துக்க வேண்டாம். ஆனா ஆள்றவன் ஊரோட பேசறதை நிறுத்தினா என்ன ஆகும்னு அந்தக் காலத்து ஆட்கள் யோசிச்சிருக்காங்கன்னு நான் படிச்சுக்கறேன்.

யானை மேல முரசு காப்பியத்துல சரி. நாம பார்த்த கிராமத்துல அது தண்டோரா. தமுக்குன்னு சில ஊர்ல, டமாரம்னு சில ஊர்ல. "இதனால் சகலமானவர்களுக்கும்..." அப்படின்னு சினிமாவில கேட்டு நாம சிரிச்சிருக்கோம். ஆனா அதுக்குப் பின்னாடி இருக்கறது சிரிக்கிற விஷயம் இல்லீங்க. தண்டோரா போடற வேலை பரம்பரை பரம்பரையா தலித் சமூகத்துக்காரங்க மேல சுமத்தப்பட்ட வேலை. ஊருக்கே சேதி சொல்ற ஆளுக்கு ஊருக்குள்ள உட்கார இடம் கிடையாது. அவர் சொல்ற கூட்டத்துலயே அவருக்கு நாற்காலி கிடையாது. சுதந்திரம் வந்து 75 வருஷம் கழிச்சு, 2022 ஆகஸ்ட் மாசத்துலதான், அப்ப தலைமைச் செயலாளரா இருந்த வெ. இறையன்பு தண்டோரா போடற வழக்கத்தை நிறுத்தணும்னு கலெக்டர்களுக்குக் கடிதம் எழுதினார். வண்டியில ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கலாம், மீறி யாரையாவது தண்டோரா போட வெச்சா நடவடிக்கைன்னு கடிதம் சொல்லுச்சு. ஒலிபெருக்கி வந்து எத்தனை காலமாச்சு! கருவி இருந்தும் பழக்கம் போகலை. சேதி சொல்ற முறையிலயே யாருக்கு மரியாதை, யாருக்கு இல்லைங்கறது இருக்குன்னு இதுலேர்ந்து எடுத்துக்கலாம்.

சரி, மெட்ராஸுக்கு வருவோம்.

நம்ம கார்ப்பரேஷன் பிறந்ததே ஒரு பேச்சுவார்த்தைத் தகராறுலதான். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஊரைச் சுத்தம் பண்ண, காவல் போட, சுவர் கட்டக் காசு வேணும். வரி போட்டா ஜனங்க கட்ட மாட்டேங்கறாங்க. 1686-ல வீட்டு வரியை எதிர்த்துக் கறுப்பர் நகரத்துல பெரிய எதிர்ப்பு. கடையெல்லாம் அடைச்சுட்டாங்க. லண்டன்ல கம்பெனிக்குத் தலைமை தாங்கின சர் ஜோசையா சைல்டு ஒரு கணக்குப் போட்டார். நாம போடற வரின்னா சின்னத் தொகைக்கே சண்டைக்கு வர்றாங்க. அவங்க ஆட்களே உட்கார்ந்து போடற வரின்னா பத்து மடங்குகூட மனசோட கொடுப்பாங்க. இதுதான் அவர் யோசனை. ஜனநாயக ஆர்வம் எல்லாம் ஒண்ணும் இல்லை, சுத்தமான வியாபார மூளை. :-)

இப்படித்தான் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் காலத்துல, 1687 டிசம்பர் 30 தேதியிட்ட சாசனம் வந்து, 1688 செப்டம்பர் 29-ல மெட்ராஸ் கார்ப்பரேஷன் ஆரம்பமாச்சு. முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன். அவருக்குக் கீழே 12 ஆல்டர்மேன்கள். அதுல சின்ன வேங்கடாத்ரி, முத்த வீரண்ணா, ஆலங்காத்த பிள்ளைன்னு நம்ம ஊர் வியாபாரிகளும் உண்டு. இப்ப சைல்டு கணக்கு பலிச்சிருக்கணும் இல்லையா? பலிக்கலை. டவுன் ஹால், பள்ளிக்கூடம், ஜெயில் எல்லாம் கட்டணும்னு வரி போடப் பார்த்தப்ப ஜனங்க பழையபடியே முறைச்சாங்க. சபையில நாலு பெரிய மனுஷங்களை உட்கார வெச்சுட்டா ஊரே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகிடாது. 330 வருஷத்துக்கு முன்னாடி கிடைச்ச பாடம், இன்னிக்கும் செல்லும்.

அங்கேருந்து ஒரே தாவு. 1882 மே மாசம், வைஸ்ராய் ரிப்பன் உள்ளாட்சிகளுக்கு ஜனங்க தேர்ந்தெடுக்கிற பிரதிநிதிகள் வரணும்னு ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். நிர்வாகம் நல்லா நடக்கறதுக்காக மட்டும் இல்லை, ஜனங்க அரசியல் பழகிக்கறதுக்கும் அது ஒரு பள்ளிக்கூடம்னு அவர் பார்த்தார். அவர் பேரைத்தான் பின்னாடி கட்டின மாளிகைக்கு வெச்சாங்க. 1909-ல மிண்டோ அடிக்கல் நாட்டினார். 1913 நவம்பர் 26-ல ஹார்டிஞ்ச் திறந்துவெச்சார். கட்டினவர் லோகநாத முதலியார். செலவு ஏழரை லட்சம் ரூபாய்.

மாளிகை நிக்கிற இடமே ஊர் கூடற இடம்தான். அந்தப் பக்கம் பூராவும் சர் சார்லஸ் டிரெவல்யன் கவர்னரா இருந்தப்ப போட்ட பீப்பிள்ஸ் பார்க். நூறு ஏக்கருக்கு மேல. விலங்குக் காட்சிசாலை, விக்டோரியா ஹால், மூர் மார்க்கெட் எல்லாம் அந்தப் பூங்காவிலேர்ந்து வெட்டி எடுத்ததுதான். வருஷக் கடைசியில அங்கே பெரிய கண்காட்சி நடக்கும். 1886 டிசம்பர் 31-ல அந்தக் கண்காட்சிப் பந்தல் தீப்பிடிச்சு நூத்துக்கணக்கான ஜனங்க செத்துப்போனாங்க. ஊர்க் கூட்டம்னா சந்தோஷம் மட்டும் இல்லை, அதுக்குப் பொறுப்பும் வேணும்னு மெட்ராஸ் கத்துக்கிட்ட கொடுமையான பாடம் அது. அந்த மாதிரி சேதியெல்லாம் அப்ப சாதாரண ஜனங்களுக்குப் போய்ச் சேர்ந்தது காலணா, அரையணா விலையில வித்த பாட்டுப் புஸ்தகங்கள் வழியாத்தான். தீ, வெள்ளம், கொலை, ரயில் விபத்து எல்லாத்துக்கும் பாட்டு. குஜிலி இலக்கியம்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்களே, அதுதான். அரசாங்க கெஜட் இங்கிலீஷ்ல ஒரு பக்கம், குஜிலிப் பாட்டு தமிழ்ல இன்னொரு பக்கம். நடுவுல ஒரு பெரிய பள்ளம்.

அந்தப் பள்ளத்துல ஒரு சின்னப் பாலம் போட்டதுதான் ரேடியோ.

1924 மே 16-ல மெட்ராஸ் பிரசிடென்ஸி ரேடியோ கிளப் ஆரம்பமாச்சு. முன்னால நின்னவர் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி. அதே வருஷம் ஜூலை 31-ல ஒலிபரப்பு தொடங்கியாச்சு. முதல்ல 40 வாட் கருவி. அப்புறம் 200 வாட். இந்தக் காலத்துக் கல்யாண மண்டபத்து ஸ்பீக்கர் செட்டே இதைவிடப் பெரிசு! தினமும் சாயங்காலம் பாட்டு, பேச்சு. ஆர்வத்துல ஆரம்பிச்ச கிளப்புக்கு நேர்ற கதிதான் இதுக்கும். பணம் இல்லை. 1927 அக்டோபர்ல இழுத்து மூடிட்டாங்க. மூடினப்ப ஒலிபரப்புக் கருவியைக் கார்ப்பரேஷன் கையில கொடுத்துட்டாங்க.

இந்த இடத்துல வடக்கே என்ன நடந்துச்சுன்னும் பார்க்கணும். அதே 1927-ல இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனின்னு ஒரு தனியார் கம்பெனி பம்பாய்லயும் கல்கத்தாவிலயும் நிலையம் ஆரம்பிச்சது. மெட்ராஸுக்கு வரலை. ரேடியோ வெச்சிருக்கறவங்க வருஷத்துக்கு 10 ரூபாய் லைசென்ஸ் கட்டணும். அதை நம்பித்தான் கம்பெனி. அப்ப ரேடியோ பெட்டி வாங்கறதுங்கறது இப்ப கார் வாங்கற மாதிரி, எத்தனை பேர் வாங்குவாங்க? மூணு வருஷத்துல அந்தக் கம்பெனியும் திவால். 1930 ஏப்ரல் 1-ஆம் தேதி அதை இந்திய அரசாங்கம் எடுத்துக்கிச்சு.

அதே 1930 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் மெட்ராஸ் கார்ப்பரேஷன் தன்னோட ஒலிபரப்பை ஆரம்பிச்சது! பம்பாயையும் கல்கத்தாவையும் வைஸ்ராய் அரசாங்கம் தூக்கி நிறுத்த, மெட்ராஸுக்கு ஒரு முனிசிபாலிட்டி. லைசென்ஸ் காசு கொஞ்சம்தான், மத்தபடி ஊர் வரிப்பணம். குப்பை அள்ளற, விளக்கு ஏத்தற, குழாயில தண்ணி விடற அதே ஆபீஸ் தினமும் சாயங்காலம் அஞ்சரை மணியிலேர்ந்து ஏழரை மணி வரைக்கும் பாட்டும் பேச்சும் ஒலிபரப்புச்சு. டேப் எல்லாம் அப்ப ஏது? ஒண்ணு கிராமபோன் தட்டு, இல்லைன்னா வித்வான் மைக் முன்னாடி நேரா உட்கார்ந்து பாடணும். ஞாயித்துக்கிழமையும் லீவு நாள்லயும் காலையில ஒரு மணி நேரம். மாசத்துக்கு ஒரு திங்கட்கிழமை வெள்ளைக்காரத் துரைமாருக்காக ஐரோப்பிய சங்கீதம்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச நிகழ்ச்சி வேற. பள்ளிக்கூடம் நடக்கிற நாள்ல சாயங்காலம் நாலுலேர்ந்து நாலரை வரைக்கும் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்துப் பசங்களுக்குன்னே அரை மணி நேரம். சங்கீதப் பாடம், கதை, பேச்சு. சில பள்ளிக்கூடங்கள்ல பெட்டி வெச்சுக் கொடுத்திருந்தாங்க. யோசிச்சுப் பாருங்க. சங்கீத வாத்தியாரை வீட்டுக்கு வரவழைச்சுக் கத்துக்கிறது யாரு? கார்ப்பரேஷன் ஸ்கூல்ல படிக்கிறது யாரு? இது திடீர்னு வானத்துலேர்ந்து குதிச்ச யோசனை இல்லை. பத்து வருஷம் முன்னாடி, 1920-ல, சர் பிட்டி தியாகராயர் தலைவரா இருந்தப்ப இதே கார்ப்பரேஷன்தான் ஆயிரம் விளக்கு பள்ளிக்கூடத்துல பசங்களுக்கு மத்தியானச் சாப்பாடு போட்டது. ஒரு பையனுக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல போகக் கூடாதுன்னு கணக்கு. 1925-ல அரசாங்கம் அந்தச் செலவை ஒத்துக்காம நிறுத்திடுச்சு. சோறு நின்ன இடத்துல அஞ்சு வருஷம் கழிச்சுப் பாட்டு வந்திருக்கு. வயிறு நிறையாதுதான். ஆனா இந்தப் பசங்களுக்கும் ஊர்ல பங்கு உண்டுன்னு நினைச்ச ஆபீஸ் அது.

வீட்டுல பெட்டி இல்லாதவங்களுக்கு? அதுக்குத்தான் மெரினாவிலயும் பூங்காக்கள்லயும் ஒலிபெருக்கி வெச்சாங்க. காசு கொடுத்து சபாவுக்குப் போக முடியாதவங்க, போனாலும் வாசல்லயே நிக்க வேண்டியவங்க, மணல்ல உட்கார்ந்து அதே வித்வானைக் கேட்கலாம். டிக்கெட் இல்லை, முன்வரிசை இல்லை. திருவல்லிக்கேணியில இருந்த எங்க தாத்தா கடைசி வரைக்கும் ரேடியோவை 'பீச்சு பாட்டு'ன்னுதான் சொல்வார். வீட்டுல டிரான்சிஸ்டர் வந்தப்புறமும் "அந்த பீச்சு பாட்டைக் கொஞ்சம் வைடா"ன்னுதான் கேட்பார். ஒருநாள் அவரைக் கேட்டேன், அப்ப யாரு தாத்தா பாடினாங்கன்னு. "யாரு பாடினா என்ன, காத்து அந்தப் பக்கம் அடிச்சா பாதிப் பாட்டு ஐஸ் ஹவுஸுக்குப் போயிடும். மீதிதான் நமக்கு"ன்னார். :-)

ஒண்ணைக் கவனிக்கணும். அப்ப கார்ப்பரேஷன் தேர்தல்ல எல்லாருக்கும் ஓட்டு கிடையாது. சொத்து, வரி, வாடகைன்னு கணக்குப் பார்த்துத்தான் ஓட்டு. அந்த மணல்ல உட்கார்ந்து கேட்டவங்கள்ல பாதிப் பேர் ஓட்டர் லிஸ்ட்லயே இருந்திருக்க மாட்டாங்க. கார்ப்பரேஷன் அவங்களைப் பார்த்துப் பாடுச்சு. ஆனா அவங்க பேசறதைக் கேட்க ஏற்பாடு இல்லை. இதுவும் ஒருவழிப் பாதைதான். ஆனா தண்டோராவோட ஒப்பிட்டா எவ்வளவு தூரம்! இதுல யார் தலையையும் குனிய வெக்கலை.

1935-ல மைசூர்ல பேராசிரியர் கோபாலசுவாமி தன் வீட்டுல சின்ன நிலையம் ஒண்ணு ஆரம்பிச்சு 'ஆகாசவாணி'ன்னு பேர் வெச்சார். 1936-ல டில்லியில லயனல் ஃபீல்டன் காலத்துல அரசாங்க ரேடியோவுக்கு 'ஆல் இந்தியா ரேடியோ'ன்னு பேர் வந்தாச்சு. 1938 ஜூன் 16-ல மெட்ராஸ் நிலையம் எழும்பூர்ல திறந்தது. ராஜாஜி பிரதம மந்திரி. (அப்ப மாகாண முதலமைச்சரை அப்படித்தான் சொல்வாங்க.) பெரிய கருவி, பெரிய வித்வான்கள், தமிழ்நாடு முழுக்க கேட்கிற ஒலிபரப்பு. கார்ப்பரேஷன் ரேடியோ தன் வேலை முடிஞ்சதுன்னு ஒதுங்கிடுச்சு. அதே 1938-ல நிகழ்ச்சி நிரல் போடற பத்திரிகை ஒண்ணு 'வானொலி'ன்னு வந்து, அந்த அழகான தமிழ்ப் பேரும் நமக்குப் பழகிடுச்சு.

லாபமா நஷ்டமா? சந்தேகமே இல்லை, சங்கீதத்துக்கும் தமிழுக்கும் பெரிய லாபம். அந்த 200 வாட் கருவி எங்கே, இது எங்கே! ஆனா ஒண்ணு மட்டும் போச்சு. ஊரோட குரல் ஊர் கையில இல்லை. பூங்காவுல ரேடியோ ரூம் மட்டும் ரொம்ப காலம் இருந்துச்சு. எழுபதுகள்ல எங்க பேட்டைப் பூங்காவுல சாயங்காலம் பெஞ்சுல பெரியவங்க உட்கார்ந்திருப்பாங்க, கம்பத்துல கட்டின புனல்லேர்ந்து செய்தி வரும். வாசிப்பது சரோஜ் நாராயண்சுவாமி, டில்லியிலேர்ந்து. பிரதமர் எந்த நாட்டுக்குப் போறார்னு தெரிஞ்சுக்கலாம். அடுத்த தெருவுல ஏன் மூணு நாளா தண்ணி வரலைன்னு அந்தப் புனல் சொல்லாது.

அந்த எழுபதுகள்லதான் இன்னொரு பெரிய மௌனமும் ஆரம்பிச்சது. 1973 டிசம்பர்ல மஸ்டர் ரோல் ஊழல் விவகாரத்துல சென்னை மாநகராட்சி மன்றத்தைக் கலைச்சாங்க. அப்புறம் தேர்தல் எப்ப நடந்துச்சு தெரியுமா? 1996-ல! கிட்டத்தட்ட 23 வருஷம். மேயர் கிடையாது, கவுன்சிலர் கிடையாது, தனி அதிகாரிதான். 1973-ல பிறந்த குழந்தை வளர்ந்து, ஓட்டுரிமை வாங்கி, கல்யாணமும் பண்ணியிருக்கும், தன் வார்டு கவுன்சிலர்னு ஒருத்தரைப் பார்க்காமயே. 1993-ல அரசியல் சட்டத்தோட 74-வது திருத்தம் நடைமுறைக்கு வந்து, நகராட்சிகளுக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தரம் தேர்தல் நடத்தியே ஆகணும்னு ஆனப்புறம்தான் விடிவு. 1996-ல மு.க. ஸ்டாலின் ஜனங்க நேரடியாத் தேர்ந்தெடுத்த முதல் மேயரா வந்தார்.

சட்டமே வந்தாச்சு, இனிமே மௌனம் இருக்காதுன்னு நினைச்சோம். 2016 அக்டோபர்ல மன்றத்தோட காலம் முடிஞ்சுது. அறிவிச்ச தேர்தலை ஹைகோர்ட் ரத்து பண்ணிச்சு. அப்புறம் வார்டு பிரிப்பு, இடஒதுக்கீடு, வழக்குன்னு இழுத்து இழுத்து 2022 பிப்ரவரியிலதான் சென்னைக்குத் தேர்தல். அந்த அஞ்சரை வருஷத்துல என்னென்ன வந்துச்சுன்னு கணக்குப் போடுங்க. 2016 டிசம்பர்ல வர்தா புயல். 2019-ல ஏரியெல்லாம் வறண்டு தண்ணிப் பஞ்சம். 2020-ல கொரோனா. மூணுலயும் தெருவுக்குத் தெரு சேதி தேவைப்பட்ட நேரம். எந்தத் தெரு அடைப்பு, தண்ணி லாரி எப்ப வரும், முகாம் எங்கே. அதிகாரிகளும் துப்புரவுத் தொழிலாளர்களும் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தாங்க, அதை மறுக்க முடியாது. ஆனா "எங்க தெருவை ஏன் விட்டீங்க"ன்னு சட்டையைப் பிடிச்சுக் கேட்க நாம ஓட்டுப் போட்ட ஒரு ஆள் 200 வார்டுல ஒரு வார்டுலயும் இல்லை.

கவுன்சிலர் இருந்தா மட்டும் போதுமான்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. 2015 டிசம்பர் வெள்ளத்தப்ப கவுன்சிலர்கள் இருந்தாங்க. செம்பரம்பாக்கத்துலேர்ந்து தண்ணி திறந்து அடையாறு பொங்கினப்ப, கரையோரத்து ஜனங்களுக்கு எச்சரிக்கை சரியாப் போய்ச் சேரலைன்னு அப்ப எழுந்த குற்றச்சாட்டு இன்னிக்கு வரைக்கும் ஓயலை. ஒவ்வொருத்தர் கையிலயும் செல்போன் இருந்த ஊர்ல! சேதி சொல்றதுங்கறது அலங்கார வேலை இல்லை, சில ராத்திரி அது உயிர் விஷயம்.

2022-ல ரெண்டு நல்லது நடந்துச்சு. ஒண்ணு, ஆர். பிரியா மேயர் ஆனார். 1688-லேர்ந்து வர்ற இந்தக் கார்ப்பரேஷனுக்கு முதல் தலித் பெண் மேயர். தண்டோரா நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்த அதே வருஷம்ங்கறதைச் சேர்த்துப் பாருங்க. ரெண்டாவது, ஏரியா சபை. கிராமத்துல கிராம சபை மாதிரி, நகரத்துல ஒவ்வொரு வார்டையும் சின்னச் சின்ன ஏரியாவாப் பிரிச்சு, அந்த ஏரியாக்காரங்க உட்கார்ந்து பேசற கூட்டம். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்னிக்கு நடந்துச்சு. 74-வது திருத்தம் நடைமுறைக்கு வந்து 29 வருஷம் கழிச்சு.

எங்க ஏரியா சபை ஒண்ணுக்கு நானும் போயிருந்தேன். (எந்த வார்டுன்னு கேட்காதீங்க, ஊர்ல நான் நடமாடணும்.) கூட்டம் நடக்குதுங்கற சேதி எனக்குத் தெரிஞ்சதே இஸ்திரி போடற தம்பி சொல்லித்தான். நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்களாம், ஆபீஸ் கேட்டுக்கு உள்பக்கம். ஆயிரக்கணக்கான பேர் இருக்கிற ஏரியாவுல வந்தது முப்பது பேர். அதுல பாதி கட்சிக்காரங்க. ஆனா கடைசி வரிசையிலேர்ந்து கீரை விக்கிற ஒரு அம்மா எழுந்து, "மழைநீர் வடிகால்னு எங்க தெருவை நாலு மாசமா தோண்டிப் போட்டிருக்கீங்களே, அது எப்ப முடியும்னு ஒரு தேதி சொல்லுங்க. நான் கூடையை எந்தப் பக்கம் தூக்கிட்டுப் போறதுன்னு முடிவு பண்ணணும்"னு கேட்டாங்க. இஞ்சினியர் பதில் சொல்ல வேண்டியதாப் போச்சு. தேதியைக் கூட்டக் குறிப்பு நோட்டுல எழுதவும் வெச்சாங்க அந்த அம்மா. அந்தத் தேதிக்கு முடியலைங்கறது வேற கதை. ஆனா மூணு வாரம் தள்ளி முடிஞ்சுது. பக்கத்து ஏரியாவுல கேட்க ஆள் இல்லை, பொங்கல் வரைக்கும் பள்ளம் அப்படியே கிடந்துச்சு.

இப்ப மறுபடி ரேடியோவை நினைச்சுப் பாருங்க. புகார் முரசறைவோன் யானை மேல ஏறிச் சொன்னான். தண்டோராக்காரர் தன் மானத்தை விலையாக் கொடுத்துச் சொன்னார். கார்ப்பரேஷன் ரேடியோ யாரையும் தாழ்த்தாம, காசு கேட்காம, மணல்ல உட்கார்ந்தவனுக்கும் சேர்த்துப் பாடுச்சு. மூணுமே மேலேருந்து கீழே வர்ற குரல்தான். கீழேருந்து மேலே போகிற குரலுக்கு ஒரு நாற்காலி போட்டது ஏரியா சபை. ஆனா அதுக்கான அழைப்பு கேட்டுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கு. 1930-ல 200 வாட்டை வெச்சுக்கிட்டு, பெட்டி இல்லாதவனுக்கும் கேட்கணும்னு மெரினாவுல புனல் கட்டின புத்தி, இன்னிக்கு இவ்வளவு கருவி இருந்தும் ஏன் வரலை?

என் ஆசை ரொம்பச் சின்னது. கூட்டத்துக்கு முதல் நாள் குப்பை வண்டியில பாட்டுப் போட்டுக்கிட்டு வர்றாங்களே, அதே ஸ்பீக்கர்ல "நாளைக்குப் பத்து மணிக்கு ஏரியா சபை, இந்த ஸ்கூல்ல, எல்லாரும் வாங்க"ன்னு ஒரு வரி. புதுசாச் செலவு இல்லை. அந்த வண்டி போகாத தெரு இல்லை. அதுவரைக்கும் அடுத்த கூட்டம் எப்பன்னு நீங்களே வார்டு ஆபீஸ்ல போய்க் கேளுங்க. கேட்டுக்கு உள்பக்கமும் எட்டிப் பாருங்க. தெரிஞ்சா பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் சொல்லுங்க. உங்க ஊர்ல ஏரியா சபை எப்படி நடக்குது, மதுரை, கோவை, நெல்லைக்காரங்க வந்து எழுதுங்க, தெரிஞ்சுக்கறேன்.

கொசுறு: சென்னை மாநகராட்சிக்குப் புகார் சொல்ற போன் நம்பர் 1913. ரிப்பன் மாளிகை திறந்த வருஷமும் 1913. இனிமே நம்பர் மறந்துபோச்சுன்னு சாக்கு சொல்ல முடியாது. :-)